பிஞ்சில் பறித்து, பச்சை இலையோடு சமைத்து: வீட்டு வளவுச் சுக்கினிக்கும் பூசணிக்கும் ஒரு வழிகாட்டி

சுக்கினி, பூசணிப் பிஞ்சு, சுரை, பீர்க்கு எல்லாவற்றிலும் 100 பங்கில் 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். காய் குழைந்து கூழாகிவிட்டது, கறி தண்ணீராகிவிட்டது, உப்பும் உறைப்பும் போட்டும் சுவை ஏறவில்லை என்று புதிதாகச் சமைப்பவர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. தண்ணீர் நிறைந்த காய்க்கு நாம் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். பிறகு அதைச் சரிக்கட்டத் தூளை அள்ளிப் போடுகிறோம். பிஞ்சுக்காயின் மென்மையான இனிப்பு அந்தத் தூளுக்குள் காணாமல் போய்விடுகிறது.

இந்தக் காய்களுக்குத் தண்ணீரும் தூளும் வேண்டாம். பறித்த கையோடு வந்த பச்சை இலை வேண்டும், அந்த இலையை எந்த நேரத்தில் போடுவது என்ற கணக்கும் வேண்டும். இரண்டுமே யாழ்ப்பாணத்து வளவுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சுக்கினி பெரும்பாலும் மலைநாட்டில் இருந்து கடைகளுக்கு வருகிற காய். ஆனால் மாரி ஓய்ந்து தை பிறந்ததும் விதைத்தால் நம் செம்மண்ணிலும் காய்க்கும். விதை போட்ட ஏழு, எட்டு வாரத்தில் முதல் காயைப் பறிக்கலாம். வெயில் ஏற ஏற ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறையும் என்பதால் பங்குனிக்குப் பிறகு விளைச்சல் இறங்கும். சுக்கினி கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பூசணியும் சுக்கினியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து உலகெங்கும் பரவிய ஒரே பேரினத்துச் செடிகள். முற்றவிட்டால் மாதக்கணக்கில் வைத்துச் சமைக்கிற அதே பூசணியைப் பிஞ்சில் பறித்தால், சுக்கினியைக் கொண்டு செய்கிற எதையும் அதைக்கொண்டு செய்யலாம். கீழே ‘காய்’ என்று நான் சொல்லும் இடமெல்லாம் இந்த இரண்டையும் குறிக்கும். சுரைக்கும் பீர்க்குக்கும் முறை மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

பறித்தல்

சுக்கினியை 15 முதல் 20 சென்டிமீற்றர் நீளத்தில் பறிக்க வேண்டும். நுனியில் பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் மிகவும் நல்லது. நம் வெப்பத்தில் அது வளரும் வேகம் பெரிது. முந்தாநாள் விரல் நீளத்தில் இலைக்கடியில் கிடந்த காய் இன்று பறிக்கும் அளவுக்கு நீண்டிருக்கும். ஆகவே தினமும் காலையில் இலைகளை விலக்கிப் பார்க்க வேண்டும். ஒரு காயை முற்றவிட்டால் செடி தன் சத்தை விதைக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும், புதுப் பிஞ்சு குறையும். கையால் முறுக்கிப் பிடுங்காமல் கத்தியால் காம்பு சிறிது விட்டு வெட்டுங்கள்.

பூசணிப் பிஞ்சை, பூ கருவுற்ற ஒரு வாரம் பத்து நாளுக்குள், ஒரு கைக்குள் அடங்கும் அளவில் எடுக்க வேண்டும். நகத்தால் தோலை மெல்ல அழுத்துங்கள். சிரமமில்லாமல் நகம் இறங்கிச் சாறு கசிந்தால் அது பிஞ்சு. தோலும் சீவ வேண்டாம், விதையும் எடுக்க வேண்டாம். சுரைக்காயில் தோலின் மேல் மெல்லிய பூனைமுடி இருக்கும்வரை பிஞ்சு. பீர்க்கங்காய் வளைத்தால் வளைய வேண்டும். விறைத்து நின்றால் உள்ளே நார் ஓடத் தொடங்கிவிட்டது.

சில பிஞ்சுகள் விரலளவிலேயே மஞ்சளாகிச் சூம்பும். அது நோய் என்று பலர் மருந்தடிக்க ஓடுகிறார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். காலையில் ஆண் பூவொன்றைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் சிறு பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டால் போதும். சூம்பத் தொடங்கிய பிஞ்சை அழுகுமுன் பறித்தால் அதையும் சமைக்கலாம். பிஞ்சின் தோலில் ஒரு புள்ளியும் அதில் பிசின் துளியும் கண்டால் பழ ஈ குத்தியிருக்கிறது என்று பொருள். வெட்டிப் பாருங்கள். புழு இருந்தால் அந்தக் காயை எருக்குழியில் போடாமல் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள். அடுத்த பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடிவிடுங்கள்.

அடுப்பேற்றுமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போக வேண்டாம்.

காம்புப் பக்கத்தில் இருந்து நகமளவு துண்டு ஒன்றை வெட்டி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள். இலேசான இனிப்போ, ஒன்றுமில்லாத பச்சைச் சுவையோ இருந்தால் சமைக்கலாம். கசந்தால் முழுக் காயையும் வீசிவிடுங்கள். அதே செடியின் மற்றக் காய்களையும் நம்ப வேண்டாம்.

இந்தக் குடும்பத்துச் செடிகள் பூச்சிகளிடம் இருந்து தப்பக் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சை உண்டாக்குகின்றன. நாம் பயிரிடும் வகைகளில் அந்தக் கசப்பு தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அலங்காரப் பூசணியோ காட்டு வகையோ பக்கத்தில் பூத்து மகரந்தம் கலந்தால், அடுத்த ஆண்டுக்கென்று நாம் எடுத்து வைத்த விதையில் அது திரும்பி வரலாம். கடும் வெயிலும் தண்ணீர்க் குறைவும் செடியை வாட்டினாலும் கசப்பு ஏறலாம். 2015இல் ஜேர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்துக் கடுமையாக நோயுற்றவர்கள் பற்றிய பதிவுகள் இந்தியாவில் இருக்கின்றன. அவிப்பதாலோ பொரிப்பதாலோ உப்பில் ஊறவைப்பதாலோ இந்த நஞ்சு போகாது.

நமக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பாகற்காயைக் கசப்புக்காகவே விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் நாம். “கசந்தால் என்ன, உடம்புக்கு நல்லதுதானே” என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். பாகலின் கசப்பு வேறு, சுரையில் பூசணியில் வரக்கூடாத கசப்பு வேறு. சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வயிற்றுவலி என்று ஏதாவது தோன்றினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். மிஞ்சிய காயையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இலையின் நேரம்

இலைகளைக் காலையில், வெயில் ஏறுமுன் பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். கறிவேப்பிலையை உருவி எடுக்காமல் கிளையின் நுனியோடு நெட்டாக ஒடித்தால் அந்த இடத்தில் புதுத் தளிர் கிளைக்கும். புதினா கிணற்றடி ஈரத்தில் தானாகப் படரும். சவர்க்காரத் தண்ணீர் ஓடாத பக்கமாக நடுங்கள். கொத்தமல்லி நம் கோடையில் சட்டென்று பூத்துவிடும். அதை நிழலில், சிறிது சிறிதாக, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விதைப்பது நல்லது.

இலையின் மணம் அதற்குள் இருக்கும் எண்ணெயில் இருக்கிறது. தடித்த இலையில் இருந்து அது வெளிவரச் சூடும் நேரமும் வேண்டும். மென்மையான இலையிலோ அதே சூடு அந்த மணத்தை ஆவியாக்கி அடுக்களைக்குள் விட்டுவிடும். ஆகவே கறிவேப்பிலையும் ரம்பையும் தொடக்கத்திலேயே எண்ணெயில் விழ வேண்டும். முருங்கையிலையும் வெந்தயக் கீரையும் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில். கொத்தமல்லி, புதினா, வல்லாரை மூன்றும் சட்டியை இறக்கிய பிறகுதான். கொத்தமல்லியைக் கொதிக்கிற கறியில் போட்டு மூடிவைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நிறம் மட்டுமே மிஞ்சும்.

கற்பூரவள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சளிக்குக் கசாயம் வைக்க மட்டும் அதை வளர்க்கிறோம். இத்தாலியர்கள் சுக்கினியோடு சேர்க்கும் ஓரிகானோ இலையின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரோல் என்ற பொருள்தான் கற்பூரவள்ளியிலும் இருக்கிறது. சுக்கினியை வட்டமாக வெட்டி, உப்பும் மிளகும் தூவி, தாச்சியில் நல்லெண்ணெய் விட்டு இரு பக்கமும் பொன்னிறமாக்குங்கள். அடுப்பை அணைத்ததும் பொடியாக அரிந்த கற்பூரவள்ளியையும் தேசிக்காய்ச் சாற்றையும் விட்டுப் பிரட்டுங்கள். இரண்டு பேருக்கு இரண்டே இலை போதும், கூடினால் மருந்து வாசம் வந்துவிடும்.

பால்கறி

முதலில் பழக வேண்டியது இதுதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மரக்கறி சமைக்கும் வீடுகளில் இது எத்தனை முறை வந்தாலும் அலுக்காது.

நான்கு பேருக்கு: பிஞ்சுக் காய் அரைக் கிலோ, சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் நான்கு, உள்ளி மூன்று பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு நெட்டு, ரம்பை விரல் நீளத் துண்டு, தேங்காய் பாதி, தேசிக்காய் பாதி, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, உப்பு.

1. தேங்காயைத் திருவி, அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து முதற்பால் எடுத்துத் தனியே வையுங்கள். இன்னொரு அரைக் கோப்பைத் தண்ணீரில் இரண்டாம் பால். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் பால் பிழியக் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். உவர்த் தண்ணீரில் பிழிந்த பாலுக்கு உப்பின் அளவு பிடிபடாது.

2. காயைக் கழுவித் துடைத்து இரண்டு விரல் தடிப்புத் துண்டுகளாக வெட்டுங்கள். மெல்லியதாக வெட்டினால் கரைந்துவிடும். வெட்டிய பிறகு கழுவ வேண்டாம்.

3. மண்சட்டியில் எண்ணெய் விட்டு, நெருப்பைக் குறைத்து, வெந்தயத்தைப் போடுங்கள். அது பொன்னிறத்துக்கு வந்த கணமே வெங்காயம், பிளந்த பச்சை மிளகாய், தட்டிய உள்ளி. கறுக்கவிட்டால் வெந்தயத்தின் கைப்பு முழுக் கறியிலும் ஏறும். கழுவி ஈரம் உலர்த்திய கறிவேப்பிலையையும் ரம்பையையும் இப்போது சேருங்கள்.

4. வெங்காயம் வாடியதும் காய், மஞ்சள், முக்கால் தேக்கரண்டி உப்பு. ஒருமுறை பிரட்டி மூடிவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கை போகும், பொறுங்கள். உப்புப் பட்டதும் காய் தன் தண்ணீரை விடத் தொடங்கும். நான்கு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் சட்டியின் அடியில் சாறு நிற்பதைக் காணலாம். அந்தச் சாற்றில் காயின் இனிப்பு முழுவதும் இருக்கிறது.

5. இரண்டாம் பாலை விடுங்கள். காய் மூழ்கக் கூடாது, பாதிக்கு நின்றால் போதும். இனி மூட வேண்டாம். நான்கைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள்.

6. ஒரு துண்டை எடுத்துக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். ஓரம் மென்மையாகவும் நடு இன்னும் சிறிது உறுதியாகவும் இருக்கும்போதே முதற்பாலை விட வேண்டும். மண்சட்டி தன் சூட்டை எளிதில் விடாது. அடுப்பில் இருந்து இறக்கிய பிறகும் உள்ளே கொதி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். நடுப்பகுதி அந்தச் சூட்டில் வெந்துவிடும். அலுமினியச் சட்டியில் சமைப்பவர்கள் இன்னும் ஒரு நிமிடம் கூட விட்டு இறக்க வேண்டும்.

7. முதற்பால் விட்டபின் சட்டியின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றியதும் இறக்குங்கள். கொதி தளும்பவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும்.

8. இரண்டு நிமிடம் ஆறவிட்டு, கொதி முற்றாக அடங்கிய பிறகு தேசிக்காய் விடுங்கள். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பாலும் திரியும், கைப்பும் தட்டும். இறுதியாக ஒரு பிடி கொத்தமல்லித் தழை. அரிந்து போடுவதைவிடக் கையால் கிள்ளிப் போடுவதே எனக்குப் பிடிக்கும்.

மொட்டைக்கறுப்பன் சோற்றுக்கும் புட்டுக்கும் இது பொருந்தும். இடியப்பத்துக்கு வேண்டுமானால் இரண்டாம் பாலைச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். சுரைக்காயில் செய்தால் நான்காம் படியில் ஆறேழு நிமிடம் விட வேண்டும். பீர்க்கங்காய் மாறாக மிக விரைவில் வேகும், இரண்டாம் பாலைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

வறை

பால்கறிக்குச் செய்ததற்கு நேர் எதிரான வேலை இங்கே. காயின் தண்ணீரை முதலிலேயே வெளியேற்றிவிட வேண்டும். அரைக் கிலோ காயைத் துருவி அல்லது மெல்லிய குச்சிகளாக வெட்டி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிரட்டி, பதினைந்து நிமிடம் வைத்துக் கையால் இறுகப் பிழியுங்கள். பிழிந்த சாற்றை ஊற்றிவிடாதீர்கள், சொதிக்கு ஆகும்.

தாச்சி நன்றாகக் காய வேண்டும். எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் நிறம் மாறியதும் காயைப் போட்டு, பெரிய நெருப்பில், மூடாமல் மூன்று நிமிடம் பிரட்டுங்கள். ஒரு பிடி முருங்கையிலையைத் தூவி மேலும் இரண்டு நிமிடம். மஞ்சள் சேர்த்துப் பிசைந்த தேங்காய்ப்பூ ஐந்து மேசைக்கரண்டி போட்டு, ஈரம் வற்றியதும் இறக்கிவிடலாம். நண்டுக் கறிக்குள் முருங்கையிலை போடத் தெரிந்த ஊருக்கு அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. பூசணிப் பிஞ்சின் இனிப்போடு அது சேரும்போது வேறொரு சுவை. முருங்கைக்குப் பதில் வல்லாரை போடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகு அரிந்து போடுங்கள். முதலில் உப்புப் போட்டுப் பிழிந்திருப்பதால் மறுபடி உப்புச் சேர்க்குமுன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாறு, தோல், பூ

பிழிந்த சாற்றோடு இரண்டாம் பால், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் சேர்த்துக் கொதிக்கவைத்து, முதற்பால் விட்டு இறக்கித் தேசிக்காய் பிழிந்தால் சொதி. உப்புப் போடவே தேவைப்படாது.

பீர்க்கங்காயின் வரிகளைச் சீவிய தோலைக் கழுவி, எண்ணெயில் நீர் வற்ற வதக்குங்கள். வறுத்த செத்தல் மிளகாய் மூன்று, சிறு துண்டு புளி, தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி, ஒரு பிடி புதினா, உப்பு. புதினாவை வதக்காமல் பச்சையாகவே சேர்த்து அம்மியில் அரைத்தால் தோசைக்கு நல்ல துவையல் கிடைக்கும். கசப்புச் சோதனையைத் தோலுக்கும் செய்யுங்கள்.

ஆண் பூக்கள் செடிக்குத் தேவையானதைவிட அதிகமாகவே பூக்கும். காலையில் வண்டு, தேனீக்கள் வேலையை முடித்த பிறகு நான்கைந்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பறிக்கலாம். உள்ளே எறும்பு இருக்கும், உதறிப் பாருங்கள். நடுவில் உள்ள மகரந்தத் தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, கடலைமாவும் சிறிது அரிசிமாவும் பெருஞ்சீரகமும் அரிந்த கறிவேப்பிலையும் கலந்த கரைசலில் தோய்த்துப் பொரியுங்கள். பறித்த பூ சில மணிநேரத்திலேயே வாடிவிடும் என்பதால் சந்தையில் அதைத் தேடுவதில் பயனில்லை. செடி வைத்திருப்பவர்களுக்கே அது வாய்க்கும்.

வைத்திருப்பது

பிஞ்சுக்காய் முற்றிய பூசணியைப் போலக் காத்துக் கிடக்காது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில், கழுவாமல், கடதாசியில் சுற்றி வைத்தால் நான்கைந்து நாள். மேல் தட்டின் கடுங்குளிரில் தோல் குழிந்து ஊறிப்போகும். பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்று பறிப்பதே சரி, கூடுதலாகக் காய்த்தால் அயல்வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மத்தியானம் வைத்த பால்கறி நம் வெப்பத்தில் இரவுவரை வெளியில் தாங்காது. இரவுக்கும் வேண்டும் என்றால், ஐந்தாம் படி முடிந்ததும் பாதியை வேறு பாத்திரத்தில் எடுத்து ஆறவைத்துக் குளிரில் வையுங்கள். அதற்கான முதற்பாலையும் தனியாக அங்கேயே வைத்து, இரவு கறியைச் சூடாக்கிய பிறகு பாலும் தேசிக்காயும் இலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.